கழனிக்குள் போகாத சக்கர நாற்காலி

ஆண்டுதோறும் டிசம்பர் 3 நெருங்கும்போது ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம் சுற்றுவட்டாரத்தில் சிறு பந்தல்கள் முளைக்கும். அன்று சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம். தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு நிதியிலோ தொண்டு அமைப்புகளின் உதவியிலோ வந்த சக்கர நாற்காலிகளும் மூன்று சக்கர வண்டிகளும் வரிசையாக நிற்கும். பெயர் வாசிப்பார்கள், வண்டியைக் கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள். வாங்கிக்கொள்பவர்களில் விவசாயிகளும் உண்டு. அந்த வண்டி தெருமுனை வரை போகும், டீக்கடை வரை போகும், ரேஷன் கடைக்கும் போகும். கழனிக்கு மட்டும் போகாது.

வாலாஜாபாத் பக்கம் அப்படியொரு நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். சிறுவயதில் போலியோவால் வலது கால் சூம்பிப்போன விவசாயி ஒருவர் என்னிடம், "வண்டி நல்லாத்தான் இருக்கு சார். வரப்பு மேல போவுமா?" என்று கேட்டார். போகாது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். பேசிக்கொண்டே இருந்ததில் அவருக்கு உண்மையில் வேண்டியது என்ன என்று தெரிந்தது. ஒற்றைக்காலில் குந்தி மண்வெட்டியால் மண்ணை அள்ளி மடை அடைக்க அவரால் முடியவில்லை. நின்றபடியே தூக்கி இறக்கும் அளவுக்கு நீளமான கைப்பிடி வைத்த ஒரு தகரக் கதவு, மடைக்கு ஒன்றாக நாலு இருந்தால் அவர் தண்ணீர் கட்டுவதற்கு இன்னொருவரைக் கூப்பிட வேண்டியதில்லை. வெல்டிங் பட்டறையில் ஒரு நாள் வேலை அது. என்ன வேண்டும் என்று அவரிடம் அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

உடல் குறைபாடு உள்ள விவசாயிக்கு ஏற்ற கருவி நம்மிடம் இல்லாததற்குத் தொழில்நுட்பக் குறையைக் காரணம் சொல்ல முடியாது. இந்த வட்டாரத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்ல வாயே வராது. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டினால் ஓரகடம். கார் செய்கிறார்கள், லாரி செய்கிறார்கள், மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள், டயர் செய்கிறார்கள், மண் அள்ளும் இயந்திரம் செய்கிறார்கள். அந்தப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், சுங்குவார்சத்திரத்தில் செல்போனும் குளிர்சாதனப் பெட்டியும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பாகத்தைத் தூக்கி எறிகிற துல்லியம் அந்தச் சுவர்களுக்குள் இருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிறது. இரண்டுக்கும் நடுவில் சில இடங்களில் ஒரு கால்வாய்தான். ஆனாலும் உட்கார்ந்தபடி களை எடுக்கவும், ஒற்றைக் கையால் மருந்து தெளிக்கவும், காலை ஊன்றாமல் டிராக்டர் ஓட்டவும் கருவி கேட்டால் கடையில் இல்லை. கருவியை வடிவமைக்கும் மேசையில் அந்த விவசாயிக்கு இடமில்லை என்பதே இதற்குக் காரணம் என்பது என் கருத்து.

யார் இவர்கள், எத்தனை பேர்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். அவர்களில் 1.86 கோடிப் பேர் கிராமத்தில் இருப்பவர்கள். தமிழ்நாட்டின் எண்ணிக்கை 11.79 லட்சம். அந்தக் கணக்கெடுப்பு 8 வகைக் குறைபாடுகளை மட்டுமே கேட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. ஆக, உண்மையான எண்ணிக்கை கூடுதலாகவே இருக்கும்.

இந்தக் கணக்கில் வராதவர்கள் இன்னும் அதிகம். நம் கிராமங்களில் இன்று கழனியில் நிற்பவர்கள் யார் என்று பாருங்கள். பிள்ளைகள் ஷிப்டு பஸ் ஏறிக் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். நிலத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். முட்டி தேய்ந்தவர்கள், சர்க்கரை நோயால் கால் விரலை இழந்தவர்கள், கண்புரை வந்தவர்கள், காது மந்தமானவர்கள். சான்றிதழ் கேட்டால் இவர்களில் பலரிடம் இருக்காது. ஆனால் பதினாறு லிட்டர் டேங்கைத் தோளில் தூக்கிக்கொண்டு சேற்றில் நடப்பது இவர்களுக்கும் முடியாத காரியம்தான்.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு கூட்டமும் உண்டு. கார்களுக்குப் பாகம் செய்து கொடுக்கும் சிறு ஆலைகளில் பவர் பிரஸ் எனப்படும் அழுத்து இயந்திரத்தில் விரலைப் பறிகொடுத்தவர்கள். வாகனத் தொழிலில் நடக்கும் கைவிபத்துகளைப் பற்றி 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு 2019 முதல் தொடர்ந்து அறிக்கை வெளியிட்டு வருகிறது. விரலைப் பறிக்கும் இயந்திரங்களில் பவர் பிரஸ்தான் முதலிடம் என்று அவை சொல்கின்றன. நிலம் வைத்திருக்கும் குடும்பத்துப் பையனாக இருந்தால், இரண்டு விரல் போன கையோடு அவன் திரும்பி வருவது அப்பாவின் கழனிக்குத்தான். மண்வெட்டிப் பிடி அவன் கைக்கு நிற்காது.

விவசாய இயந்திரங்களே இப்படிக் கைகளை வாங்கியிருக்கின்றன. பசுமைப் புரட்சிக் காலத்தில் வட மாநிலங்களில் விசையால் இயங்கும் கதிரடிக்கும் இயந்திரங்கள் வேகமாகப் பரவியபோது, கதிரைத் தள்ளும் வாயில் கை சிக்கி முடமானவர்கள் ஏராளம். அதன் பிறகே 1983இல் அபாயகரமான இயந்திரங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் வந்தது. தள்ளும் தட்டு நீளமாக இருக்க வேண்டும், மேலே மூடி வேண்டும் என்பதெல்லாம் தரவிதி ஆயிற்று. கையைப் பறிகொடுத்தவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. நல்லது. ஆனால் அவரை நஷ்டஈடு வாங்க வேண்டியவராகத்தான் சட்டம் பார்த்தது. அந்த இயந்திரத்தின் குறை எங்கே இருக்கிறது என்று அவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யார்?

ஒவ்வொரு கருவியாகப் பாருங்கள்

கைத்தெளிப்பானில் தொடங்கலாம். இடது கை நெம்புகோலை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், வலது கை குழலைப் பிடிக்க வேண்டும். நிரப்பிய டேங்கின் எடை ஏறத்தாழ 20 கிலோ. இரண்டு கை, இரண்டு கால், பலமான முதுகு, நல்ல கண் நான்கும் உள்ளவரை மனதில் வைத்துச் செய்த கருவி இது. பேட்டரி தெளிப்பான் வந்த பிறகு நெம்புகோல் அடிக்கும் கை விடுதலை ஆனது. ஒற்றைக் கை விவசாயிக்கு அது பெரிய வரம். அதே சமயம், தரையில் இருக்கும் டேங்கை ஒற்றைக் கையால் தூக்கி முதுகில் மாட்டுவது எப்படி என்று யாரும் யோசிக்கவில்லை. வரப்போரம் இடுப்பு உயரத்தில் ஒரு தாங்கி வைத்து, திரும்பி நின்று மாட்டிக்கொள்ளும்படி கொக்கி வைத்தால் முடிந்தது. வடிவமைக்கும்போதே ஒற்றைக் கைக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் முதல் நாளே அதைச் சொல்லியிருப்பார்.

கோனோ வீடர் எனும் உருளும் களைக்கருவியைத் திருந்திய நெல் சாகுபடியில் பரப்பியவர்கள் நாங்கள், வேளாண் விஞ்ஞானிகள். சேற்றில் நடந்துகொண்டே முன்னும் பின்னும் தள்ளி இழுக்க வேண்டும். பெண்கள் பல இடங்களில் 'கனமாக இருக்கிறது' என்று சொன்ன பிறகுதான் எடை குறைந்த வடிவங்கள் வந்தன. அது ஒரு பாடம். ஆணின் தோளுக்குச் செய்த கருவியைப் பெண்கள் தள்ளிப் பார்த்துக் குறை சொன்னார்கள், கருவி மாறியது. இதே பாதையை மாற்றுத்திறனாளிகளுக்கு நாம் இன்னும் திறக்கவில்லை.

டிராக்டருக்கு இடது காலில் கிளட்ச், வலது காலில் இரண்டு பிரேக். இருக்கைக்கு ஏறுவதே ஒரு வித்தை. கிளட்சையும் பிரேக்கையும் கையால் இயக்கும் நெம்புகோலாக மாற்றுவது புதுமையான வேலை ஒன்றும் இல்லை. கார்களிலும் ஸ்கூட்டர்களிலும் மாற்றிக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகம் 1979இலேயே உடல் குறைபாடுள்ள விவசாயிகளுக்கான ஒரு மையத்தைத் தொடங்கியது. 1990ஆம் ஆண்டின் வேளாண் சட்டத்தின் மூலம் அது 'அக்ரஎபிலிட்டி' என்ற அரசுத் திட்டமாக விரிந்தது. டிராக்டரில் ஏற்றிவிடும் தூக்கி, கையால் இயக்கும் கிளட்ச், ஒற்றைக் கையால் கொக்கி மாட்டும் இணைப்பு என்று நூற்றுக்கணக்கான கருவிகளைப் பட்டியலாகவே வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது, விவசாயிகள் தங்கள் கொட்டகையில் தாங்களே செய்துகொண்ட மாற்றங்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்வதுதான். நம் ஊரிலும் அப்படிச் செய்துகொண்டவர்கள் உண்டு. பழைய சைக்கிள் சக்கரத்தில் களைவெட்டி செய்தவரும், நாற்காலிக் காலை அறுத்துத் தாழ்த்திப் பலகை வைத்து உட்கார்ந்து கத்தரிக்காய் பறிப்பவரும் இருக்கிறார்கள். யாரும் எழுதி வைப்பதில்லை.

இயந்திரத்தை விடுங்கள், பூச்சிமருந்து டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். நச்சின் அளவைக் காட்ட நான்கு நிற முக்கோணம். சிவப்பு மிகக் கடுமையானது, மஞ்சள் அதற்கு அடுத்தது, பிறகு நீலம், பச்சை. சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத பார்வை உள்ள ஆண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மிகக் கடுமையான நச்சுக்கும் குறைந்த நச்சுக்கும் நாம் கொடுத்திருப்பது அதே இரண்டு நிறங்களைத்தான். சிவப்பில் மண்டையோடு படம் இருக்கிறது என்பது உண்மை. சிறிய டப்பாவில் அது எந்த அளவில் இருக்கிறது என்று கையில் எடுத்துப் பாருங்கள். விரலால் தடவினால் தெரியும்படி மூடியில் மேடு வைப்பது அச்சு ஒன்றை மாற்றும் வேலைதான். பார்வை இல்லாதவருக்கு மட்டுமல்லாமல், அந்தி நேரத்தில் கண்ணாடி இல்லாமல் டப்பா திறப்பவருக்கும் அது பயன்படும்.

கிசான் கால் சென்டர் 2004இல் தொடங்கியது. எண்ணை அழுத்தினால் தமிழிலேயே பதில் சொல்வார்கள், நல்ல சேவை. காது கேளாத விவசாயி யாரிடம் கேட்பார்? அவர் எழுதிக் கேட்டு எழுத்தில் பதில் வாங்கும் வழியும் பக்கத்திலேயே இருக்க வேண்டாமா? நம்முடைய செயல்விளக்கக் கூட்டங்களும் அப்படித்தான். ஒலிபெருக்கியை எவ்வளவு உரக்க வைத்தாலும் அவருக்குப் பயனில்லை. நாலு வரி அச்சடித்த தாள் கொடுத்தால் பயன் உண்டு.

சேற்றில் நடக்கப் பிறந்த கால்

பயன்படுத்துபவரின் வாழ்க்கையிலிருந்து கருவி செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இந்தியாவிலேயே பெரிய உதாரணம் ஒன்று உண்டு. அது விவசாயியின் கழனியோடு சம்பந்தப்பட்டது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1960களில் காலை இழந்தவர்களுக்கு இங்கே கிடைத்தது மேலைநாட்டு மாதிரிச் செயற்கைக் கால். கணுக்கால் வளையாது. மேலே பூட்ஸ் போட்டால்தான் நடக்க முடியும். ஜெய்ப்பூர் சவாய் மான் சிங் மருத்துவமனையில் அந்தக் காலை வாங்கிப் போனவர்கள் கொஞ்ச நாளில் மூலையில் போட்டுவிட்டு மறுபடியும் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார்கள். காரணம் எளிது. அவர்களில் பலர் கிராமத்து ஆட்கள். வெறுங்காலோடு நடப்பவர்கள், ஈர மண்ணில் நிற்பவர்கள், குந்தி உட்கார்ந்து களை பிடுங்குபவர்கள், சம்மணம் போட்டுச் சாப்பிடுபவர்கள். கோயிலுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் செருப்போடு போகாதவர்கள். பூட்ஸ் கால் இதில் ஒன்றுக்கும் உதவாது. தண்ணீர் பட்டால் வீணாகவும் போகும்.

எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும், அதிகம் படிக்காத கைவினைஞரான ராம் சந்திர சர்மாவும் அங்கே வேலை செய்தார்கள். ஏன் அந்தக் காலைப் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்ற கேள்வியிலிருந்து அவர்கள் தொடங்கினார்கள். டயர் ரீட்ரெடிங் கடையின் ரப்பர் வேலை, மரம், டயர் நூல் இவற்றைக் கொண்டு பல திசையிலும் வளையும் பாதம் ஒன்றைச் செய்தார்கள். வெறுங்காலாக நடக்கலாம், குந்தலாம், சேற்றில் இறங்கலாம், மரம் ஏறலாம். போட்டுப் பார்த்தவர்கள் உடைத்துக்கொண்டு வந்தார்கள், குறை சொன்னார்கள், திருத்தினார்கள், மறுபடியும் கொடுத்தார்கள். அதுதான் ஜெய்ப்பூர் கால். 1975இல் டி.ஆர். மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி அதை லட்சக்கணக்கானவர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. சர்மாவின் பெயர் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இதில் நாம் கவனிக்க வேண்டியது மூலப்பொருளை. டயர் ரப்பரும் டயர் நூலும்! ஓரகடத்தில் டயர் ஆலை ஓடுகிறது. அங்கே இல்லாத ரப்பர் அறிவு நாட்டில் வேறெங்கே இருக்கிறது? கழனிச் சேற்றில் புதையாத ஊன்றுகோல் அடி ஒன்று செய்து தர அவர்களால் முடியாதா? இப்போது கடையில் கிடைக்கும் ஊன்றுகோலின் அடி ரப்பர் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. மருத்துவமனைத் தரைக்குச் சரி. நஞ்சையில் ஒரு அடி இறங்கும்.

நம் ஊர் அனுபவம்

இன்னும் பக்கத்தில் வரலாம். சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் ஒரு மறுவாழ்வுக் கருவி ஆராய்ச்சி மையம் நடக்கிறது. எழுந்து நிற்கவும் உட்காரவும் வைக்கும் 'அரைஸ்' சக்கர நாற்காலி 2019இல் அங்கிருந்து வந்தது. 2021இல் அங்கு பிறந்த 'நியோமோஷன்' நிறுவனம் 'நியோஃப்ளை', 'நியோபோல்ட்' இரண்டையும் வெளியிட்டது. முதலாவது, ஆளின் உடலளவு எடுத்துச் செய்யும் நாற்காலி. இரண்டாவது, அதன் முன்னால் மாட்டிக்கொள்ளும் மோட்டார் சக்கரம். வீட்டு நாற்காலியே சாலை வண்டி ஆகிவிடும். 2022இல் 'கதம்' என்ற செயற்கை முழங்கால் வந்தது. நன்றாக மடங்குவதால் நெருக்கமான பஸ் இருக்கையிலும் உட்கார முடியும். பஸ் இருக்கையின் நெருக்கத்தை ஆய்வகம் தானாகக் கண்டுபிடிக்காது. தினமும் அந்த பஸ்ஸில் போகிறவர்கள்தான் சொல்ல முடியும். அந்த மையம் தொடக்கத்திலிருந்தே மருத்துவமனைகள், மறுவாழ்வு அமைப்புகள் மூலமாகப் பயனாளிகளின் கருத்தைக் கேட்டு, கொடுத்து, திருத்திச் செய்கிறது.

அங்கிருந்து ஓரகடத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரப் பயணம். முட்டுக்காட்டில் பலவகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பண்ணை இயந்திரவியல் துறை இருக்கிறது. காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஓரகடத்திலேயே மத்திய அரசின் வாகனச் சோதனை மையம் இருக்கிறது. எல்லாம் தனித்தனியே நன்றாக நடக்கின்றன. ஐஐடிக்காரர்களுக்குக் கழனி தெரியாது, எங்களுக்கு முழங்கால் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் ஒருவர்தான், கழனியில் இறங்கும் மாற்றுத்திறனாளி விவசாயி. அவரைக் கூப்பிடுவதற்கு எந்தத் துறைக்கும் உத்தரவு இல்லை.

எங்கள் துறையின் ஒரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளி என்று ஒருவர் வந்து நின்றால் உடனே காளான் வளர்ப்பு, கோழி வளர்ப்பு, மண்புழு உரம் என்று பயிற்சிப் பட்டியலை நீட்டுகிறோம். தொழில்கள் நல்லவைதான், சம்பாதிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நெல் விளைத்துக்கொண்டிருந்த ஒருவரைக் கேட்காமலே கொட்டகைக்குள் அனுப்புவது சரியா? அவருக்கு நிலம் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது. காலோ கையோ மட்டும்தான் ஒத்துழைக்கவில்லை. ஆளை மாற்றுவதற்கு முன் கருவியை மாற்றிப் பார்க்கலாமே.

'சந்தை சிறியது' என்ற பதில்

இதைத் தொழிற்சாலைக்காரர்களிடமும் இயந்திர விற்பனையாளர்களிடமும் பேசினால் முதலில் வரும் பதில், "இதற்கெல்லாம் எத்தனை பேர் வாங்குவார்கள்?" என்பது. பம்புசெட் மொபைல் ஸ்டார்ட்டரை நினைத்துப் பார்க்கச் சொல்வேன். புனேயைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்வால் 'நானோ கணேஷ்' என்ற கருவியைச் செய்தார். மோட்டார் போட முதிய வயதில் தன் தாத்தா அலைந்ததைப் பார்த்ததுதான் அதன் தொடக்கம். நடக்கச் சிரமப்பட்ட ஒரு கிழவரை மனதில் வைத்துச் செய்த கருவி. இன்று அதுபோன்ற ஸ்டார்ட்டரைக் கால் நன்றாக உள்ளவர்களும்தான் வாங்குகிறார்கள். ராத்திரி மும்முனை மின்சாரம் வரும்போது பாம்பு நடமாடும் வரப்பில் போக யாருக்குத்தான் ஆசை? நம் வேளாண்மைப் பொறியியல் துறை அதற்கு மானியமும் கொடுக்கிறது. நிலத்தை விட்டு எழுந்து நடக்க முடியாதவருக்குச் செய்கிற உட்கார்ந்து களை எடுக்கும் வண்டியும் அப்படித்தான் ஆகும். முதுகு வலிக்கும் ஒவ்வொரு பெண்ணும் அதைக் கேட்பார்.

இன்னொரு பதில், பாதுகாப்பு. "ஒற்றைக் கைக்காரரிடம் பவர் டில்லரைக் கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால்?" நியாயமான பயம். பவர் டில்லர் இரண்டு கை உள்ளவரையே இழுத்துக்கொண்டு போகும். கையை விட்டால் தானே நிற்கும் அமைப்பு எல்லா இயந்திரத்திலும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதுதான் அதற்கு வழி. ஒருவருக்கு மட்டும் கொடுக்காமல் இருப்பது வழி ஆகாது. இன்றைக்கும் அவர் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார். கயிறு கட்டி, இடுப்பால் முட்டுக் கொடுத்து, ஆபத்தோடு ஓட்டுகிறார். சில வேலைகளைச் சிலரால் பாதுகாப்பாகச் செய்ய முடியாமல் போகலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதை முடிவு செய்யும் இடத்தில் அவரும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சட்டமும் பக்கத்தில்தான் இருக்கிறது. 2016 சட்டத்தின் 43ஆவது பிரிவு, எல்லோரும் பயன்படுத்தத்தக்க பொருள்களை உருவாக்கவும் உற்பத்தி செய்யவும் அரசு ஊக்கமளிக்க வேண்டும் என்கிறது. 37ஆவது பிரிவு, விவசாய நில ஒதுக்கீட்டிலும் வளர்ச்சித் திட்டங்களிலும் 5 சதவீதத்தை அவர்களுக்கு ஒதுக்கச் சொல்கிறது. மானியம் என்றாலே சிறு, குறு, ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்கள் என்று மளமளவென்று சொல்லும் நம் வாயில் இந்த 5 சதவீதம் வருவதில்லை. நிறுவனச் சட்டத்தின் 135ஆவது பிரிவு, பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் தொழில்திறனும் வாழ்வாதாரமும் அந்தப் பட்டியலில் உள்ளவைதான். பந்தலுக்கும் வண்டிக்கும் போகிற பணம் கருவி செய்யப் போவதைச் சட்டம் தடுக்கவில்லை.

எங்கிருந்து தொடங்கலாம்?

பெரிய ஆலையில் தொடங்க வேண்டாம் என்பது என் யோசனை. அங்கே ஒரு பாகத்தை மாற்ற ஆறு கையெழுத்து வேண்டும். வாலாஜாபாத்திலும் படப்பையிலும் லேத் பட்டறை, வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஏர்க்கலப்பைக் கொழு முதல் டிராக்டர் கொக்கி வரை நமக்குச் செய்து தருபவர்கள் அவர்கள். அந்தப் பட்டறை, ஒரு பொறியியல் அலுவலர், ஐந்தாறு மாற்றுத்திறனாளி விவசாயிகள் என்று ஒரு பருவம் உட்கார்ந்தால் நாலைந்து மாதிரி தேறும். பேரிங், கிளட்ச் கம்பி, ரப்பர், எடை குறைந்த குழாய் இவற்றை ஆலைகள் கொடுக்கலாம். ஒரு இளம் பொறியாளரை வாரம் ஒரு நாள் அனுப்பினாலும் பெரிய உதவி. மாதிரி நன்றாக வந்தால் பிறகு அச்சுப்போட்டு எண்ணிக்கையில் செய்வது அவர்களுக்குக் கைவந்த கலை.

இதில் ஒன்றை விட்டுக்கொடுக்கக் கூடாது. வருகிற விவசாயிகளுக்கு நாள் சம்பளமும் போக்குவரத்துச் செலவும் கொடுக்க வேண்டும். சோதனை ஓட்டுநருக்கு ஆலை சம்பளம் கொடுக்கிறதே, இதுவும் அதே வேலை. முடிந்துபோன கருவியைக் கையில் கொடுத்து "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் மரியாதைக்கு "நல்லாருக்கு சார்" என்றுதான் சொல்வார்கள். தாளில் கோடு போடும் முதல் நாளே கூப்பிட வேண்டும். "இது வேண்டாம்" என்று சொல்லும் உரிமையோடு கூப்பிட வேண்டும். மாற்றுத்திறனாளிகளே முடிவெடுக்கும் இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்க்குடி சாட்சி. 1975இல் கடற்படைத் தேர்வில் ஏற்பட்ட விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் தன் சொந்தக் கிராமத்தில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இன்று சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான கிராமங்களுக்கு அங்கிருந்து சேவை போகிறது.

அரசு செய்யக்கூடியது ஒரு பக்கத் தாள். மானியப் பட்டியலில் இடம்பெறும் இயந்திரத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட மையத்தின் சோதனை அறிக்கை வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள நடைமுறை. குதிரைத்திறன், எரிபொருள், அதிர்வு, சத்தம் எல்லாம் அளக்கிறார்கள். அதோடு இன்னும் ஒரு பக்கம் சேர்க்கலாம். இந்த இயந்திரத்தை ஒரு கையால் இயக்க முடியுமா, உட்கார்ந்து இயக்க முடியுமா, எச்சரிக்கை ஒலியோடு விளக்கும் உண்டா, பொத்தானைத் தடவி அறிய முடியுமா? உடல் குறைபாடுள்ள இரண்டு பேர் இயக்கிப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 'முடியாது' என்று வந்தாலும் பரவாயில்லை, விற்கத் தடை வேண்டாம். எழுதப்பட்டிருந்தால் போதும். அடுத்த மாதிரியைச் செய்யும் பொறியாளர் அதைப் படிப்பார், வாங்குகிறவரும் படிப்பார்.

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. ஊராட்சிக்கு ஒருவர். வாடகை மையத்துக்கு என்ன இயந்திரம் வாங்குவது என்று பேசும்போது அவரும் அந்த அறையில் இருந்தால் கேள்விகள் மாறும். விரிவாக்கப் பணியாளர்கள் அவரை இப்போதே அறிமுகப்படுத்திக்கொள்வது நல்லது.

வட்டாரத்தில் வேலை செய்யும் உதவி வேளாண் அலுவலர்களுக்கு எந்த உத்தரவுக்கும் காத்திருக்காமல் செய்ய ஒன்று உண்டு. நவரை நடவு முடிந்ததும் களைக்கருவி செயல்விளக்கம் வைப்பீர்கள். அதற்கு உங்கள் பகுதியில் உடல் குறைபாட்டோடு பயிர் செய்யும் இரண்டு மூன்று பேரைக் கூப்பிடுங்கள். வண்டி வரும் இடத்தில், சாலையோரக் கழனியில் வையுங்கள். கருவியை அவர்கள் கையில் கொடுத்து ஒரு வரிசை ஓட்டச் சொல்லுங்கள். எங்கே நின்றார்கள், எதைப் பிடிக்க முடியவில்லை, என்ன மாற்றச் சொன்னார்கள் என்று பெயரோடு எழுதி, படத்தோடு வேளாண்மைப் பொறியியல் துறை உதவிச் செயற்பொறியாளருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் அனுப்புங்கள். சொர்ணவாரி விதைப்புக்கு இடையில் நான்கு மாதம் இருக்கிறது. ஒரு பட்டறைக்கு அந்த அவகாசம் போதும்.